கழுவும் தொட்டிக்கும் நிக்கல் தொட்டிக்கும் நடுவில்

ஜூன் 3, திங்கள்

குழாய்க் கம்பெனியிலிருந்து இன்று பெட்டிகள் திரும்பி வந்தன. நிக்கல் உரிந்திருக்கிறது. கணபதிப் பகுதியில் இந்தப் பட்டறையை ஆரம்பித்த நாளிலிருந்து முலாம் உரிந்து என்னிடம் எதுவும் திரும்பி வந்ததில்லை. பிற்பாடு யாரும் பேச்சை மாற்றக்கூடாது என்பதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் பிடிக்கும் பித்தளைக் குழாய்கள். மெருகு போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, ஆசிடில் முக்கி, கழுவி, நிக்கல் தொட்டியில் இறக்கி, கடைசியில் குரோம் ஏற்றுகிறோம். இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரசாயன டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தே இங்கிலீஷும் கற்றேன், தொழிலும் கற்றேன்.

உரிந்த குழாய்களை மேஜையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே இடம். கைப்பிடிக்குக் கீழே சப்பையாக இருக்கும் பாகம். பெரிய புளியங்கொட்டை அளவுக்கு நீள்வட்டமாக உரிந்திருக்கிறது. ரசாயனக் கோளாறு என்றால் கண்ட இடத்தில் உரியும். இடம் பார்த்து உரியாது. இது ஆள் செய்த வேலை.

கை வெடிப்பு இந்தக் கோடையில் அதிகம். போன மாதம் மச்சினன் சென்னியப்பன் கொடுத்த களிம்பு பரவாயில்லை. காலையிலும் மத்தியானமும் போடுகிறேன்.

ஜூன் 5, புதன்

சென்னியப்பன் என் மனைவி ருக்குமணியின் தம்பி. மீசை முளைக்கும் முன்பே என்னிடம் வந்தவன். பிசுக்கு நீக்கும் தொட்டி, ஆசிட் தொட்டி, கழுவும் தொட்டி எல்லாம் அவன் பொறுப்பு. தையில் அவன் மகன் வசந்தன் பக்கத்துத் தெருவில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டான். இரும்புச் சாமான்கள்மேல் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கிற வேலை. அங்கே ஒரு மூலையில் காலி இடம் இருப்பதைப் பார்த்தேன். நாலு தொட்டி வைக்கப் போதுமான இடம். அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

கழுவி வரும் ஒவ்வொரு ஜிக்கிலும், அதாவது குழாய்களை மாட்டும் கொக்கிச் சட்டத்திலும், இரண்டு மூன்றை என் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நிக்கலுக்கு விடுவேன். சுத்தமான பித்தளை விரலைப் பிடிக்கும். பிசுக்கு இருந்தால் வழுக்கும். கொஞ்ச நாளாக லேசாக வழுக்குகிறது. இன்று சொன்னேன்.

"மாப்ளே, கழுவறது சரியில்லை."

"தண்ணி படியறதைப் பாருங்க மாமா. எங்கயாச்சும் திட்டுத்திட்டா பிரியுதா? சீலை போத்துன மாதிரி படியுது. பிசுக்கிருந்தா இப்பிடிப் படியுமா?"

"என் விரல் வழுக்குது."

"கையுறையாவது போட்டுட்டுத் தொடுங்க."

"கையுறைக்கு என்னடா தெரியும்?"

சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 8, சனி

மறுபடி பெட்டிகள் வந்தன. அதே இடம், அதே அளவு.

எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினேன். ஜிக் மாட்டும் மயிலாத்தாள், மெருகு போடுகிறவர்கள், குரோம் தொட்டிக்காரர் எல்லோரும் இருந்தார்கள். சென்னியப்பனும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். மகன் பட்டறைக்கு என் வாடிக்கையை இழுத்துக்கொண்டு போவதற்காக என் சாமானைக் கெடுக்கிறாயா என்று கேட்டேன். இன்னொரு வார்த்தையும் சொன்னேன். கள்ளன் என்று.

அவன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனான்.

குற்றமில்லாதவன் என்றால் சத்தம் போட்டிருப்பான்.

ஜூன் 9, ஞாயிறு

ருக்குமணி சாப்பாடு வைத்தாள். பேசவில்லை.

ஜூன் 14, வெள்ளி

தொட்டிகளை நானே பார்த்துக்கொள்கிறேன். யாரையும் நம்புவதாக இல்லை. ஜிக்கில் இரண்டு மூன்று என்பதை மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு குழாயையும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத்தான் விடுகிறேன். தோள் வலி. கை எரிச்சல். களிம்பு தீர்ந்துபோய், கடையில் அதையே வாங்கினேன்.

ருக்குமணி காலையில் இரண்டு தூக்குப்போசியில் சோறு கட்டுகிறாள். ஒன்று எனக்கு. இன்னொன்று எங்கே போகிறது என்று கேட்டேன்.

"என்ற தம்பிக்கு. வூட்ல சும்மா உக்காந்திருக்கறவனுக்குச் சோறு போடக் கூடாதுங்களா?"

ஒரு வாரத்தில் அவள் என்னிடம் பேசியது இது ஒன்றுதான்.

ஜூன் 18, செவ்வாய்

அவன் போனபிறகு உரிவது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. முன்பு பெட்டிக்குச் சில குழாய்கள் உரியும். இந்த முறை ஒரு பெட்டியில் பாதிக்கு மேல்.

இப்படி யோசித்தேன். அவன் போவதற்கு முன்பே தொட்டியில் எதையோ கலந்திருக்கிறான். தொட்டிகளைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, புதிதாகக் கலந்தேன். தண்ணீர் லாரிக்காரனையும் மாற்றினேன். ரசாயனம் விற்கிற கடையையும் மாற்றினேன். மயிலாத்தாளிடம், சென்னியப்பன் வீட்டுப் பக்கம் போகிறாயா என்று கேட்டேன்.

"அந்த வழியாத்தானுங்கய்யா பஸ்ஸுக்குப் போகோணும். பறந்தா போக முடியும்?" என்றாள்.

குழாய்க் கம்பெனியின் தரச்சோதனைக்காரர் திவாகர் வந்தார். முகம் சரியில்லை. இந்த மாதத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"யாரோ செய்யறாங்க, யாரோ செய்யறாங்கன்னு சொல்லிட்டே இருக்கீங்க. காலேஜ்ல ஒரு மிஷின் இருக்குதுங்க. பித்தளை மேல என்ன ஒட்டியிருக்குதுன்னு அணு அணுவாச் சொல்லிரும். குடுத்துப் பாருங்களேன்."

"ஆளைச் சொல்லுமா?"

"பொருளைச் சொல்லும். ஆளை நீங்க புடிச்சுக்குங்க."

சரி என்றேன். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஜூன் 20, வியாழன்

ஆய்வுக்கூடத்தில் எஸ்தர் என்று ஒரு பெண். டாக்டர் பட்டம் வாங்கியவராம். உரிந்த குழாய்களைப் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். மேஜைமேல் வைத்துப் பிரித்ததும் கையை உதறினார்.

"துணியில சுத்தக்கூடாதுங்கய்யா. கையாலயும் தொடக்கூடாது. இந்த மிஷின் மேல்தோலை மட்டும்தான் பாக்கும். தலைமுடித் தடிப்புல பத்தாயிரத்துல ஒரு பங்கு. நீங்க ஒரு தடவை தொட்டா, நான் பித்தளையைப் பாக்க மாட்டேன், உங்க விரலைத்தான் பாப்பேன்."

அரை நூற்றாண்டாக இந்தக் கையால்தான் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் இடுக்கியையும் அலுமினியத் தாளையும் என்னிடம் நீட்டினார். நகம் அளவுக்கு அறுத்து, எண்ணெய் படாமல், தாளில் மடித்துக் கொண்டுவர வேண்டுமாம்.

கிளம்புவதற்கு முன் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊரு?"

"நாகர்கோவில்."

"கணபதிப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும்?"

"யாரும் இல்லங்கய்யா. ஹாஸ்டல் வார்டனை மட்டும்தான் தெரியும். ஏன் கேக்கீங்க?"

"சும்மா."

ஜூன் 24, திங்கள்

புதிதாக உரிந்த குழாய்களிலிருந்து துண்டுகள் அறுத்துக் கொண்டுபோனேன். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் புள்ளி குத்தியிருந்தேன். எஸ்தர் அதைப் பார்த்தார். கேட்கவில்லை.

எஃகு உருண்டை மாதிரி ஒரு பாத்திரம், சுற்றிலும் குழாய்கள், கண்ணாடிச் சன்னல். உள்ளே காற்றே இல்லாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு நேரமாகும், நாளை வாருங்கள் என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்டுகிற வரை உட்கார்ந்திருந்தேன். துண்டை வெளியே யாரும் எடுக்கவில்லை. அது வரைக்கும் நிச்சயம்.

ஜூன் 25, செவ்வாய்

எக்ஸ்ரே கதிர் மேலே பட்டதும் பித்தளையிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வெளியே வருமாம். எந்த அணுவிலிருந்து வருகிறதோ அதற்கென்று ஒரு வேகம். அந்த வேகத்தை அளந்தால் அணு எதுவென்று தெரியும். ஆழத்திலிருந்து கிளம்புகிற எலக்ட்ரான் வழியிலேயே தடுமாறி நின்றுவிடும். மேலே இருப்பது மட்டும்தான் தப்பி வரும். எனக்குப் புரிந்தது. கூட்டத்தில் கதவோரம் நிற்கிறவன்தான் முதலில் வெளியே வருவான்.

திரையில் மலை மலையாகக் கோடு ஓடியது. "இது செம்பு. இது துத்தநாகம். இது ஆக்சிஜன். இது கார்பன், இது எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கும்." பிறகு ஒரு சின்ன மேட்டின்மேல் விரலை வைத்தார். "இதுதான் இங்க இருக்கக் கூடாது. சிலிக்கான்."

"சிலிக்கான்னா?"

"மணல்ல இருக்கறது."

நான் எழுந்து நின்றுவிட்டேன். மணல்! மணல் பீய்ச்சுகிற பட்டறை யாருடையது? இவ்வளவு பெரிய மிஷினே சொல்லிவிட்டது. நன்றி சொல்லி நேராக வீட்டுக்கு வந்து ருக்குமணியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் புள்ள அவன் பேரைச் சொல்லுச்சுங்களா?"

"பேரு எதுக்கு? மணல்னு சொல்லிருச்சே."

"ஊர்ல மணலு அவன்கிட்ட மட்டுந்தானுங்களா கெடக்குது?"

அக்காக்காரி. அப்படித்தான் பேசுவாள்.

ஜூன் 26, புதன்

எஸ்தர் போன் செய்தார். நேற்று நான் பாதியிலேயே ஓடிவிட்டேனாம்.

போனேன். அந்தச் சின்ன மேட்டைப் பெரிதாக்கிக் காட்டினார். பக்கத்தில் மணலின் கோடு. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. கொஞ்சம் விலகி நிற்கிறது.

"அணு ஒண்ணுதான். ஆனா யார்கூடச் சேர்ந்திருக்குங்கறதைப் பொறுத்து அதோட எலக்ட்ரான் வர்ற வேகம் கொஞ்சம் மாறும். மணல்ல சேர்ந்திருந்தா இங்க வரணும். இது அது இல்ல. இது சிலிக்கோன் எண்ணெய். வழவழன்னு இருக்குமே, மெருகு ஸ்ப்ரே, அழகுசாதனப் பொருள் இதுல எல்லாம் போடுறது. தண்ணியில போகாது. ஒரு படலம் இருந்தாப் போதும், நிக்கல் பிடிக்காது."

"மணல் இல்லைன்னு நிச்சயமாச் சொல்றீங்களா?"

"மணல் இல்லங்கய்யா."

"இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவை பார்த்தார். அந்த மிஷினுக்குள்ளேயே மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கவும் வழி இருக்கிறது. சுரண்டச் சுரண்ட அந்த மேடு காணாமல் போனது. கீழே நல்ல பித்தளை.

ஒவ்வொரு தொட்டியைத் தாண்டியதும் ஒரு துண்டு எடுத்துக் கொண்டுவரச் சொன்னார். எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்துவிடுமாம். சொன்னபடி செய்வேன். சிலிக்கோன் ஸ்ப்ரே யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிய வேண்டும். வசந்தன் புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான். பளபளவென்று நிற்கிறது.

ஜூலை 1, திங்கள்

துண்டுகள் கொடுத்துவிட்டு வந்தேன். மெருகுக்குப் பின் ஒன்று, பிசுக்கு நீக்கியபின் ஒன்று, ஆசிடுக்குப் பின் ஒன்று, கழுவியபின் ஒன்று, நிக்கலில் இறக்குவதற்கு முன் ஒன்று. எல்லாம் இடுக்கியால் எடுத்தது. கடைசித் துண்டுக்கு மட்டும், வழக்கம் மாறக் கூடாது என்பதற்காக, எப்போதும்போல் விரலால் சோதித்து, அதன்பிறகே இடுக்கியால் எடுத்தேன்.

கம்பெனி இன்னும் பத்து நாள் கொடுத்திருக்கிறது.

ஜூலை 3, புதன்

முதல் நாலு துண்டுகளிலும் சிலிக்கோன் இல்லை. கழுவும் தொட்டி வரைக்கும் அப்பழுக்கில்லை என்றார் எஸ்தர். இவ்வளவு சுத்தமாகக் கழுவிய பித்தளையைப் பெரிய தொழிற்சாலைகளிலிருந்து வருவதில்கூடப் பார்த்ததில்லையாம். யார் இந்த முறையை ஏற்படுத்தியது என்று கேட்டார். என் மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கடைசித் துண்டில் மட்டும் அந்த மேடு.

"கழுவற தொட்டிக்கும் நிக்கல் தொட்டிக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கய்யா?"

"ஒண்ணும் நடக்கறதில்லீங்க."

"ஏதாவது இருக்கும். காத்து ஊதி உலர்த்துவீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணுமே நடக்கறதில்லை. நான்தான் நிக்கறேன்."

அவர் திரையைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் கைகளைப் பார்த்தார். நான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் கூட்டம். உட்கார இடம் கிடைக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

களிம்பு ட்யூபின் முதுகில் பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக்கூட்டினேன். டைமெதிகோன் என்று இருக்கிறது. திவாகரைப் போனில் கூப்பிட்டு அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "அது ஒரு சிலிக்கோனுங்க, ஏனுங்க?" என்றார். சும்மா என்றேன்.

அந்தக் களிம்பைக் கொடுத்தவன் சென்னியப்பன். இதை எழுதாமல் விட மாட்டேன். அவன்தான் கொடுத்தான். தெரிந்து கொடுத்தானா, தெரியாமல் கொடுத்தானா?

ஜூலை 6, சனி

தூக்கம் இல்லை. தெரிந்து கொடுத்தான் என்றே வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்படியானால் கையுறை போடச் சொல்லி எதற்குக் கத்திக்கொண்டிருந்தான்? கெடுக்க நினைப்பவன் அதற்கு மாற்றும் சொல்லித் தருவானா? இந்த ஓர் இடத்தில் கணக்கு உதைக்கிறது. வேறு எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வருகிறது, இங்கே மட்டும் உதைக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பட்டறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ஜிக் ஓட்டினேன். ஒன்றை வழக்கம்போல் தேய்த்தேன், இன்னொன்றைக் கை படாமல் விட்டேன். நிக்கல் ஏறியபின் இரண்டையும் அடுப்பில் காய்ச்சிப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். பிடிக்காத முலாம் அப்போது கொப்பளித்துவிடும்.

ஒரு ஜிக் கொப்பளித்தது. இன்னொன்று இல்லை.

கொப்பளங்கள் எல்லாம் ஒரே இடத்தில், ஒரே அளவு. கட்டைவிரலை மேலே வைத்துப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.

அங்கிருந்து சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வசந்தனின் குழந்தைக்கு நடைவண்டி செய்துகொண்டிருந்தான். எழுந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் களிம்பை எங்க வாங்குன?"

"கடைவீதி மருந்துக்கடையில. ஏனுங்?"

"நீயும் போடறயா?"

"போடறன். பொழுது விழுந்து வூட்டுக்கு வந்து கை கழுவிட்டுப் போட்டுக்குவன்."

"பட்டறையில?"

"பட்டறையிலதான் கையுறை போட்டுக்கறனே மாமா. உங்களுக்கும் சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுது."

உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனும் பித்தளைக்காரன்தான். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

"நாளைக்கு வேலைக்கு வா" என்றேன்.

"எதுக்குங்க?"

"தொட்டி சும்மா காயுது."

"எல்லாரு முன்னாடியும் கள்ளன்னு சொன்னீங்க. சொன்ன எடத்துலயே, அவங்க முன்னாடியே, வேற ஒண்ணு சொல்லுங்க. வாரன்."

"நான் யாருகிட்டயும் பல்லக் காட்டிப் பழக்கமில்லை மாப்ளே."

"எனக்கும் வெறுங்கால்ல நடந்து வந்து பழக்கமில்லீங்க மாமா."

திரும்பிவிட்டேன். ருக்குமணியின் தூக்குப்போசி அவன் வீட்டு மேடையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

வெல்டிங்காரனைக் கூப்பிட்டு, கழுவும் தொட்டிக்கும் நிக்கல் தொட்டிக்கும் எதிரே இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன். யாருக்காக என்று கேட்டான். கேட்டதைச் செய் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் ஜிக் கழுவி வந்தது. மயிலாத்தாள் அதை இரும்புக் குழாய்க்கு மேலாகத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"தேச்சுப் பாருங்கய்யா."

"நேரா நிக்கலுக்கு விடு."

"பாக்காமயா?"

"தண்ணி படியறதைப் பாத்தா போதும்."

"ஏனுங்கய்யா, கைக்கு என்னாச்சு?"

மெருகு மோட்டார்கள் நின்றிருந்தன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரோம் தொட்டிக்காரர்கூட வந்து நின்றார்.

"உரிச்சது என்ற கை. என்ற கையில இருந்த களிம்பு. சென்னியப்பன் கழுவுனதுல ஒரு கொறையும் இல்லை. நான் சொன்ன வார்த்தை தப்பு" என்றேன்.

மயிலாத்தாள் ஜிக்கைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு, "இதைக் கண்டுபுடிக்கவா காலேஜுக்குப் போனீங்க?" என்றாள். யாரோ சிரித்தார்கள். திட்டவில்லை.

மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. அவற்றை நிறுத்தச் சொன்னது நான்தான்.

ஜூலை 11, வியாழன்

திவாகர் வந்து புதுப் பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து, காய்ச்சித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் கொப்பளிக்கவில்லை. வேலை நம்மிடமே இருக்கும் என்றார்.

மத்தியானம் சென்னியப்பன் வந்தான். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மயிலாத்தாளாக இருக்கும், பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தானே போகிறாள். சுவரோரம் இருந்த பூட்ஸை உதறி, உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொண்டான். புதுசாக நிற்கும் இரும்புக் குழாயை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தான்.

"உங்களுக்கு வேலியாக்கும்?"

"ம்."

"பத்த வெச்சது சரியில்லை. ஆடுது" என்றான்.

ஜூலை 13, சனி

சாயங்காலம் ருக்குமணி பேசினாள். தம்பிக்கு இனித் தனியாகப் போசி வேண்டாம், உங்களதிலேயே சேர்த்து வைக்கிறேன், பிரித்துச் சாப்பிடுங்கள் என்றாள். அவன் எப்போதும் என் பங்குப் பொரியலையும் எடுத்துக்கொள்வான். அதைச் சொன்னேன். எடுத்துக்கட்டும் என்றாள்.

களிம்பை நிறுத்தியதிலிருந்து கை மறுபடி வெடித்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் கை கழுவிட்டுப் போடுங்கள் மாமா என்று சென்னியப்பன் ஒரு புது ட்யூபைச் சட்டைப் பையில் செருகிவிட்டான்.

முதுகில் இருந்த பொடி எழுத்தை முழுவதும் படித்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். பிறகு போட்டுக்கொண்டேன்.